நேர்ல பேசிக்கலாம்

எங்கள் வீட்டுச் சமையலறை மேல்தட்டில், பெருங்காய டப்பாவுக்கும் அப்பளக் கட்டுக்கும் நடுவே ஒரு வெள்ளைத் துணி முடிச்சு இருக்கிறது. உள்ளே இரண்டு கிலோ புழுங்கல் அரிசி. முடிச்சின் மேல் சிவப்பு அரக்கு, அரக்கில் இரண்டு பெருவிரல் ரேகைகள். துணியில் நான் எழுதிய கன்டெய்னர் எண் பாதி அழிந்துபோய்விட்டது. வீட்டுக்கு வருகிறவர்கள் அதை ஏதோ வேண்டுதல் என்று நினைத்துக்கொள்கிறார்கள். ஸ்ரீரங்கத்தில் யார் வீட்டில் எதை முடிந்து வைத்தாலும் அப்படித்தான் நினைப்பார்கள். வேண்டுதலும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. அது ஒரு வழக்கின் சாட்சி. கடைசிவரை யாரும் விசாரிக்காத சாட்சி. அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அடிவயிற்றிலிருந்து கோபம் வருகிறது. ஆறிப்போகும், ஆறிப்போகும் என்று எல்லாரும் சொன்னார்கள். ஆறவில்லை.

அந்த ரேகைகளில் ஒன்று எங்கள் முதலாளியம்மாவுடையது. மண்ணச்சநல்லூரில் அவருக்கு ஒரு அரிசி மில். கணவர் போன பிறகு, மில்லை விற்றுவிட்டு மகனோடு நிம்மதியாக இருங்கள் என்று சொந்தக்காரர்கள் சொன்னபோது, சொன்னவர்களுக்கெல்லாம் காபி கொடுத்து அனுப்பிவிட்டு மறுநாள் காலை மில்லுக்கு வந்து உட்கார்ந்தவர். நான் அங்கே பத்தொன்பது வருஷம் வேலை பார்த்தேன். ஏற்றுமதிக் காகிதங்கள் முழுக்க என் பொறுப்பு. தினமும் ஸ்ரீரங்கத்திலிருந்து பஸ் பிடித்துப் போவேன். நல்லவர் என்று ஒரு வார்த்தையில் சொல்லிவிட்டுப் போக மாட்டேன். வாய் கொஞ்சம் அதிகம், பிடிவாதம் அதைவிட அதிகம். தபாலில் டிப்ளமோ படித்து நான் வாங்கிய சான்றிதழைக் கண்ணாடி போட்டு மேஜைக்கு எதிரே மாட்டியபோது, "சாமி படம் மாட்ற ஆணிடி அது" என்றார். ஆனால் நாங்கள் இங்கே மூன்றாவது மாடியில் வீடு வாங்கிப் பால் காய்ச்சிய அன்று, லிஃப்ட் இல்லாத கட்டடத்தில் மூட்டு வலியோடு ஏறி வந்தார். வந்து மூச்சு வாங்கிக்கொண்டே, "அம்பத்து நாலு படி. எண்ணிக்கிட்டேதான் வந்தேன். வைகுண்டத்துக்குப் பாதி தூரத்துல வீடு வாங்கியிருக்கே" என்றார். கூடத்தில் இருந்தவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். 

அவரிடம் ஒரு வழக்கம் இருந்தது. அவரிடம் மட்டுமல்ல, அந்த வட்டாரத்து மில்காரர்கள் பலரிடமும் அது உண்டு. சரக்கு சரியில்லை என்று யாராவது கோபமாக எழுதினால் எழுத்தில் பதில் போட மாட்டார்கள். பதில் கடிதம் போட்டால் உறவு முடிந்தது, இனி கோர்ட்டில் பார்த்துக்கொள்ளலாம் என்று அர்த்தம். மானமுள்ள வியாபாரி நேரில் போவான். போகும்போது வெறுங்கையோடு போக மாட்டான். லோடு ஏற்றும்போதே அதிலிருந்து இரண்டு கிலோ அரிசியை எடுத்து, வாங்குகிறவர், விற்கிறவர் இரண்டு பேர் முன்னாலும் துணியில் முடிந்து, இளகின அரக்கில் இருவரும் ஈரப் பெருவிரலை அழுத்துவார்கள். பிரச்சினை வந்தால் அந்த முடிச்சை எடுத்துக்கொண்டு போய், அதே இரண்டு பேர் எதிரிலும் அவிழ்த்து, சோறாக்கி, இரண்டு பேரும் உட்கார்ந்து சாப்பிட வேண்டும். ஒருவர் இல்லாமல் இன்னொருவர் அவிழ்க்கக் கூடாது. தஞ்சாவூர் மொத்த வியாபாரி ஒருவர் ஏசி எழுதிய கடிதத்தை முதலாளியம்மா படித்துவிட்டு, "நேர்ல பேசிக்கலாம்" என்று மடித்து வைத்தார். அடுத்த நாள் அந்த வியாபாரி வீட்டு அடுக்களையில் நின்று உலை வைத்தார். ஒரு வாய் சாப்பிட்டதும், "குத்தம் என்னோடதுதாங்க, லோடைத் திருப்பி எடுத்துக்கிறேன்" என்று அவரே சொல்லிவிட்டு வந்தார். அந்த வியாபாரி அதன் பிறகு வேறு மில் பக்கம் திரும்பவேயில்லை.

இதெல்லாம் இப்போது எனக்கு அழகாகத் தெரிகிறது. அப்போது எரிச்சலாக இருந்தது. ஒவ்வொரு புகாருக்கும் நான் உட்கார்ந்து, எண் போட்டு, தேதி போட்டு, சரக்கு இன்ன ஆய்வில் தேறியது, ஆகவே தங்கள் புகாரை மறுக்கிறோம் என்று பிசிறில்லாமல் ஆங்கிலத்தில் பதில் தயாரிப்பேன். அவர் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு கேட்பார். என்ன எழுதியிருக்கு என்று தமிழில் சொல்லச் சொல்வார். சொல்வேன். "நல்லாத்தான் எழுதியிருக்கே. வச்சுக்க. நேர்ல பேசிக்கலாம்" என்பார். அனுப்பாத பதில்களுக்கென்றே கம்ப்யூட்டரில் ஒரு ஃபோல்டர் வைத்திருந்தேன். வருஷக்கணக்காக அது வீங்கிக்கொண்டே போனது. படித்த படிப்புக்கு மரியாதையில்லாத இடத்தில் காலம் தள்ளுகிறோமே என்று பஸ்ஸில் கொள்ளிடப் பாலத்தைக் கடக்கும்போதெல்லாம் மனதுக்குள் புழுங்கியிருக்கிறேன். இதை ஒளிக்க மாட்டேன், ஏனென்றால் பிறகு நடந்ததற்கு இந்தப் புழுக்கமும் ஒரு காரணம்.

வளைகுடாவில் ஒரு பெரிய கம்பெனி எங்கள் அரிசியைக் கேட்டு வந்தது. அவர்களுடைய கொள்முதல் அதிகாரி மில்லுக்கே வந்து பார்த்தார், முதலாளியம்மா கையால் சாப்பிட்டார், முடிச்சு வழக்கத்துக்கும் தலையாட்டினார். பிறகு ஒப்பந்தம் வந்தது. தகராறு வந்தால் சிங்கப்பூரில் ஒரு நடுவர் தீர்ப்பார். எந்தச் சட்டப்படி தீர்ப்பார் என்ற இடத்தில், எந்த நாட்டுச் சட்டமும் இல்லை, சர்வதேச வணிகத்தில் பொதுவாக ஏற்றுக்கொள்ளப்பட்ட நெறிகளும் வழக்கங்களும் பொருந்தும் என்று இருந்தது. எனக்கே புரியவில்லை. மொட்டைத் தாத்தன் குட்டையில் விழுந்தான் என்பதுபோல் ஒரு வரி. யாருடைய நெறி? எங்கே எழுதி வைத்திருக்கிறார்கள்? தில்லைநகர் வக்கீலிடம் காட்டினோம். அவர் புரட்டிப் பார்த்துவிட்டு, இரண்டு தரப்புக்கும் பொதுவாக இருக்கட்டும் என்று இப்போது இப்படிப் போடுகிறார்கள், ஒன்றும் ஆகாது என்றார். முதலாளியம்மாவுக்கு நான் தமிழில் விளக்கிச் சொன்னேன். அவர் முகம் மலர்ந்ததை என்னால் மறக்கவே முடியாது. "சட்டம் வேணாம், வியாபாரிங்க வழக்கப்படி பாத்துக்கலாம்ங்கிறாங்க, அவ்ளோதானே? நம்ம மாதிரி ஆளுங்கதான் போல" என்று சொல்லி, அந்தப் பக்கத்தில்தான் முதலில் கையெழுத்துப் போட்டார். வழக்கம் என்ற சொல்லைப் படித்ததும் அவர் நினைத்தது முடிச்சையும் உலையையும். அவர்கள் நினைத்தது வேறு.

முதல் கப்பல் போனது, ஒரு குறையும் இல்லை. இரண்டாவது சரக்கு ஏற்றும்போது அந்த அதிகாரியே வந்திருந்து இந்த முடிச்சில் பெருவிரல் வைத்தார். சரக்கு போய் இறங்கிய சமயத்தில் அங்கே அரிசி விலை விழுந்துவிட்டது. அதற்கும் புகாருக்கும் சம்பந்தம் உண்டு என்று என்னால் நிரூபிக்க முடியாது. ஆனால் நான் முட்டாளில்லை. கடிதம் வந்தது: அரிசியில் கெட்ட வாடை அடிக்கிறது, சரக்கை நிராகரிக்கிறோம், பத்து நாளைக்குள் மறுப்பு வராவிட்டால் குறையை நீங்கள் ஒப்புக்கொண்டதாக எடுத்துக்கொள்வோம். அன்று மாலைக்குள் நான் மூன்று பக்கத்தில் பதில் தயாரித்துவிட்டேன். என் வாழ்க்கையிலேயே நான் எழுதிய மிக நல்ல கடிதம் அதுதான். இது தஞ்சாவூர் இல்லை, இந்த ஒரு தடவை அனுப்பிவிடலாம் என்று கெஞ்சினேன். அவர் கேட்கவில்லை. "அந்தத் தம்பி நம்ம வீட்ல கை நனைச்சிருக்கு. அதுக்குப் போயி கடுதாசியில மறுப்புச் சொல்றதா? நான் போறேன். என் பாஸ்போர்ட் எங்கே பாரு" என்றார். பாஸ்போர்ட் காலாவதியாகிக் கிடந்தது. புதுப்பித்து, விசா வாங்கி, நாங்கள் இருவரும் திருச்சியிலிருந்து விமானம் ஏறியபோது கடிதம் வந்து இருபத்தாறு நாள் ஆகியிருந்தது.

அங்கே அந்தக் கம்பெனியின் பளிங்குத் தரை போட்ட வரவேற்பறையில் காலை ஒன்பதரைக்கு உட்கார்ந்தோம். முதலாளியம்மா நீலக் கரை போட்ட நூல் புடவை கட்டியிருந்தார். மடியில் இந்த முடிச்சு. கொள்முதல் அதிகாரி உள்ளேதான் இருந்தார். கண்ணாடிக் கதவு வழியாக எங்களை ஒரு தடவை பார்த்தார், நானும் பார்த்தேன். பிறகு அந்தக் கதவின் திரை இறங்கியது. விஷயம் இப்போது சட்டப் பிரிவிடம் இருக்கிறது, எதுவானாலும் எழுத்தில் அனுப்பவும் என்று வரவேற்பறைப் பெண் மூன்று தடவை வந்து சொன்னாள். மதியம் ஒரு மணிக்கு முதலாளியம்மா என்னிடம், இங்கே அடுப்பு கிடைக்குமா என்று கேட்கச் சொன்னார். நான் கேட்கவில்லை. வெட்கமாக இருந்தது. "இல்லையாம்மா" என்று பொய் சொன்னேன். சாயங்காலம் ஐந்தரைக்கு விளக்கை அணைக்க ஆரம்பித்தார்கள். அவர் எழுந்து, புடவையைச் சரிசெய்துகொண்டு, அந்தப் பெண்ணிடம் தமிழிலேயே "போயிட்டு வரேம்மா" என்றார். விமானத்தில் ஒரே ஒரு பேச்சுதான் பேசினார். "காசு போனா போவுது. என் அரிசி நாறுச்சுன்னு எழுத்துல இருக்கக் கூடாது. அது ஒண்ணுதான் எனக்கு" என்றார். 

கம்பெனி நஷ்டஈடு கேட்டு நடுவரிடம் போனது. அந்தச் சிங்கப்பூர் நடுவரை நாங்கள் தில்லைநகர் வக்கீல் ஆபீஸில் ஒரு திரையில் பார்த்தோம். நாகரிகமான மனிதர், குரலை உயர்த்தவே மாட்டார். அப்படிப்பட்டவர்களிடம்தான் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும் என்று பிறகு தெரிந்துகொண்டேன். எங்கள் பக்கத்துக்கு மண்ணச்சநல்லூர் மில்காரர்கள் இரண்டு பேர் வந்து வழக்கத்தைச் சொன்னார்கள். முடிச்சை மேஜைமேல் வைத்து, அவர்கள் தரப்பில் யாராவது ஒருவர் வந்தால் இங்கேயே ஆக்கிக் காட்டுகிறோம் என்று எங்கள் வக்கீல் சொன்னார். நடுவர் லேசாகப் புன்னகைத்து, அதைக் குறித்துக்கொள்வதாகச் சொன்னார். அடுத்தது நான். மொழிபெயர்ப்பாளர் வேண்டுமா என்று கேட்டார்கள். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். எதிர்த்தரப்பு வக்கீல் என் அனுப்பாத கடிதத்தைத் திரையில் காட்டினார். விசாரணைக்கு முன் இரண்டு தரப்பும் காகிதங்களைக் கொடுக்க வேண்டும் என்றபோது அந்த ஃபோல்டரும் போயிருந்தது. மிகத் தேர்ந்த கடிதம் என்றார். இவ்வளவு தெளிவாக எழுதக்கூடியவர் ஒரு சிறிய ஊரில் இருப்பது ஆச்சரியம் என்றார். பிறகு, அப்படியானால் எழுத்தில் பதில் அனுப்புவதுதான் முறை என்று உங்களுக்குத் தெரிந்திருக்கிறது, இல்லையா என்று கேட்டார்.

பத்தொன்பது வருஷத்தில் என் கடிதத்தைப் படித்துப் பார்த்து ஒருவர் புகழ்ந்தது அதுதான் முதல் தடவை. முதுகை நிமிர்த்திக்கொண்டேன். ஆமாம், எழுத்தில் பதில் அனுப்புவதுதான் முறை, நான் இதை முறையாகப் படித்தவள் என்றேன். எங்களுடையது வேறு முறை, அதையும் நான் பத்தொன்பது வருஷமாகக் கண்ணால் பார்த்திருக்கிறேன், அது ஒரு தடவைகூடத் தோற்றதில்லை என்று சொல்லியிருக்கலாம். சொல்ல வேண்டியது அதுதான். அதுவும் உண்மைதான். எங்கள் வக்கீல் தலையைக் குனிந்துகொண்டார். முதலாளியம்மாவுக்கு ஆங்கிலம் தெரியாது. நான் சொன்னதை அவர் வக்கீலிடம் கேட்டுத் தெரிந்துகொண்டது எனக்கு எதிரிலேயே நடந்தது. மண்ணச்சநல்லூருக்குப் போகிற வழியில் என்னை வீட்டு வாசலில் இறக்கிவிட்டபோது, "கேட்டதுக்கு உண்மையத்தானே சொன்னே. போ, போய்ச் சாப்பிடு" என்றார். அவர் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

தீர்ப்பு எழுபது பக்கத்துக்கு வந்தது. அதில் அரிசியைப் பற்றி இரண்டு பக்கம்கூட இல்லை. உலக வணிகர்களிடையே நிலைபெற்ற வழக்கப்படி, குறை சொல்லி வந்த கடிதத்துக்கு உரிய காலத்தில் மறுப்புத் தெரிவிக்காதவர் அதை ஒப்புக்கொண்டவராகவே கருதப்படுவார். மில் தரப்பினர் நேரில் வந்தது காலம் கடந்தது, தவிர அது எழுத்து வடிவிலான பதிலும் அல்ல. மில்காரர்கள் சொன்ன வழக்கம் ஓர் உள்ளூர்ப் பழக்கம் மட்டுமே. அந்தப் பழக்கத்தை அந்த மில்லின் ஏற்றுமதிப் பொறுப்பாளரே முறையானதாகக் கருதவில்லை என்பது அவருடைய சாட்சியத்திலிருந்து தெளிவாகிறது. ஆகவே சரக்கு கெட்டிருந்தது என்பது ஒப்புக்கொள்ளப்பட்டதாகிறது. இவ்வளவுதான். எழுத்தில் வந்துவிட்டது. எதை மட்டும் வேண்டாம் என்று அவர் கேட்டாரோ, அது முத்திரை குத்தி, கெட்டி அட்டை போட்டு, கூரியரில் வந்தது.

நான் கேட்கிறேன். உலக வணிகர்கள் என்று எழுதினாரே அந்த மகானுபாவர், யாரைக் கேட்டு எழுதினார்? ஊரோடு ஒத்து வாழ் என்று எங்களுக்கும் சொல்லித்தான் வளர்த்திருக்கிறார்கள், ஆனால் எந்த ஊரோடு? அரிசி போட்டு அரிசி வாங்குகிறவர்களின் வழக்கம் உள்ளூர்ப் பழக்கமாம். நாலு பேராசிரியர்கள் குளிர்சாதன அறையில் உட்கார்ந்து புத்தகமாக்கியது உலக வழக்கமாம். உலகம் என்பது மண்ணச்சநல்லூர் ரயில்வே கேட்டுக்கு அந்தப் பக்கம்தான் ஆரம்பிக்கிறதா? மௌனம் சம்மதம் என்று நம்மிடமும் ஒரு பேச்சு உண்டு. அது பெண் பார்க்கப் போன இடத்தில் சொல்வது, அங்கேயும் பாதி நேரம் பொய். அரிசி விஷயத்தில் அப்படிச் சொல்லி எங்கள் பக்கத்தில் நான் கேட்டதில்லை. பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்றுதான் சொல்வார்கள். எழுபது பக்கம் எழுதியவருக்கு ஒரு சோற்றைத் தொட்டுப் பார்க்கத் தோன்றவில்லை. கோர்ட்டுக்குப் போகலாமா என்று வக்கீலைக் கேட்டோம். சட்டத்தைத் தப்பாகப் பயன்படுத்தினார் என்று எப்படிப் போவது, எந்தச் சட்டமும் வேண்டாம் என்று நாம்தானே கையெழுத்துப் போட்டோம் என்றார். நம் நாட்டுச் சட்டம் என்று ஒரு வரி இருந்திருந்தால், சும்மா இருந்தது சம்மதம் ஆகாது என்று வலுவாக வாதாடியிருக்கலாமாம். இதை அவர் தீர்ப்பு வந்த பிறகு சொல்கிறார். எனக்கு வந்த ஆத்திரத்தில் அவர் மேஜையிலிருந்த கண்ணாடிக் குண்டைத் தூக்கி எறிந்திருப்பேன். முதலாளியம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார்.

பிடித்த அந்தக் கையை என்னால் தாங்க முடியவில்லை. மற்ற நாடுகளில் இருந்து வாங்கிக்கொண்டிருந்தவர்களும் ஒவ்வொருவராக நின்றுபோனார்கள். இந்தத் தொழிலில் சேதி கப்பலைவிட வேகமாகப் போகும். என் மேஜையில் வேலை குறைந்தது. தீர்ப்பில் என் பெயரைச் சொல்லாமல் என் பேச்சை மட்டும் எடுத்துப் போட்டிருந்த அந்தப் பக்கத்தின் எண் எனக்கு மனப்பாடம். ஒரு வெள்ளிக்கிழமை லீவு போட்டேன், வீட்டில் உட்கார்ந்து ராஜினாமாக் கடிதம் எழுதி, ஸ்ரீரங்கம் தபால் நிலையத்தில் பதிவுத் தபாலில் சேர்த்தேன். முட்டி ஆபரேஷன் முடிந்து அவர் வீட்டில் இருந்த சமயம் அது. நேரில் கொடுக்க முகமில்லை. கடிதம் அவர் கைக்குப் போய்ச் சேர்ந்ததற்கு அத்தாட்சி அட்டை வந்தது. பதில் வரவில்லை. ஒரு வாரம், இரண்டு வாரம், ஒரு மாதம். போனும் இல்லை. சரி, நான் போனதே அவருக்கு நிம்மதி, தொல்லை விட்டது என்று இருக்கிறார், இவ்வளவுதானா பத்தொன்பது வருஷம் என்று எனக்கு உள்ளே கசந்தது. திருச்சி கே.கே. நகரில் ஒரு சரக்கு அனுப்பும் கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்தேன். அங்கே எல்லாப் புகாருக்கும் அன்றன்றே எழுத்தில் பதில் போனது. என் ஆங்கிலத்தை எல்லாரும் புகழ்ந்தார்கள்.

ஏழு மாதம் கழித்து ஒரு காலையில் அவருடைய மகன் போன் செய்தார். மாரடைப்பு, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவதற்குள் முடிந்துவிட்டது என்றார். ஸ்ரீரங்கத்திலிருந்து மண்ணச்சநல்லூர் பஸ்ஸில் அரை மணிதான். அந்த ஏழு மாதத்தில் ஒரு தடவைகூடப் போகாத அரை மணி அது. எல்லாம் முடிந்து, கூட்டம் கலைந்த பிறகு அந்தப் பிள்ளை என்னைத் தனியாக உட்கார வைத்தது. சின்ன வயதிலிருந்து என்னை அக்கா என்றுதான் கூப்பிடும்.

"உங்க லெட்டர் வந்த அன்னிக்கே கார எடுக்கச் சொன்னாங்கக்கா. அப்பதான் முட்டி ஆபரேஷன் முடிஞ்சு பத்து நாள். கட்டு பிரிக்கட்டும்மா, போன்ல பேசிருங்கன்னேன். இது போன்ல பேசற விஷயமாடான்னு என்னையத் திட்டுனாங்க."

கட்டுப் பிரித்த பிறகும் அவரால் வர முடியவில்லை. எங்கள் வீட்டுக்கு ஐம்பத்து நாலு படி. காரை வாசலில் நிறுத்தி, அக்காவைக் கீழே வரச் சொல்கிறேன் என்று மகன் சொல்லியிருக்கிறார். கோபித்துக்கொண்டு போனவளைத் தெருவுக்குக் கூப்பிட்டுப் பேசுவதா, அவள் வீட்டுக்குள் போய் உட்கார்ந்துதான் பேசுவேன் என்றிருக்கிறார். அதற்காக மில்லில் குடோன் மாடிப்படியில் தினமும் காலையில் ஏறிப் பழகியிருக்கிறார். அந்தப் படி பதினெட்டுதான். ஏறி, இறங்கி, மறுபடி ஏறி, ஏறுகிற படியை மட்டும் கணக்கு வைத்துக்கொண்டு வந்திருக்கிறார். முதல் மாதம் பன்னிரண்டோடு உட்கார்ந்துவிடுவாராம். என் இடத்துக்கு வேறு ஆளைப் போடச் சொன்னபோது, "அவ இன்னும் போகலை, நான் இன்னும் பேசலையே" என்றாராம். போன வாரம் நாற்பத்தொன்று வரை வந்துவிட்டார் என்று சொல்லிவிட்டு அந்தப் பிள்ளை அழுதது. 

பிறகு உள்ளே போய் இந்த முடிச்சைக் கொண்டுவந்தது. "இதை எடுத்துட்டுத்தான் வரணும்னு வச்சிருந்தாங்க. அவ வீட்ல ஆக்கி, அவளோட உக்காந்து சாப்பிடணும்னாங்க. நாறுதா இல்லையான்னு அவ ஒருத்தி சொன்னாப் போதும், சிங்கப்பூர்க்காரன் எழுதுனது எழுதுனபடி கெடக்கட்டும்னாங்க." முடிச்சோடு என் ராஜினாமாக் கடிதமும் இருந்தது. ஒரு தடவை பிரித்து மடித்த மடிப்பு. வாங்கிப் படித்தேன். கடைசி வரியை நான் மறந்தே போயிருந்தேன். அப்படி எழுதுவதுதான் முறை என்று டிப்ளமோவில் படித்தது, கை தானாக எழுதிய வரி: பதினைந்து நாளைக்குள் பதில் வராவிட்டால் என் ராஜினாமாவை ஏற்றுக்கொண்டதாக எடுத்துக்கொள்கிறேன்.

அந்த நடுவருக்கு மண்ணச்சநல்லூர் எந்தத் திசையில் இருக்கிறது என்று தெரியாது. பேசாதவர் ஒப்புக்கொண்டவர் என்று அவர் எழுதியதை நான் இன்றைக்கும் மன்னிக்கவில்லை. மன்னிக்கப்போவதும் இல்லை. ஆனால் எனக்கு என்ன கேடு? "நேர்ல பேசிக்கலாம்" என்ற பேச்சை முதலாளியம்மா வாயால் ஆயிரம் தடவை கேட்டவள் நான். அவர் பதில் எழுதவில்லை என்றால் வரப்போகிறார் என்று அர்த்தம். அது எனக்குத் தெரியாதா? மாசக்கணக்காக அவர் எனக்காகப் படி ஏறிக்கொண்டிருந்திருக்கிறார், நான் அத்தாட்சி அட்டையைப் பத்திரப்படுத்தி வைத்துக்கொண்டு நாள் எண்ணியிருக்கிறேன்.

இப்போதும் வீட்டில் கேட்கிறார்கள், அரிசி பழசாகிறது, ஒருநாள் பொங்கிவிடலாமே, நல்ல அரிசிதான் என்று உனக்கும் தெரிந்துவிடுமே என்று. எனக்குத் தெரிய வேண்டியதில்லை. இரண்டு பேரும் இல்லாமல் அவிழ்க்கக் கூடாது, அதுதான் வழக்கம். எந்தப் புத்தகத்திலும் இல்லாவிட்டால் போகட்டும். அன்று சாயங்காலம் மண்ணச்சநல்லூரிலிருந்து திரும்பி, முடிச்சை மார்போடு அணைத்துக்கொண்டு எங்கள் கட்டடத்துக்குள் நுழைந்தேன். எண்ணிக்கொண்டே ஏறினேன். நாற்பத்தொன்றாவது படியில் கால் தானாக நின்றது. மேலே இன்னும் பதின்மூன்று படி இருந்தது. அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். மாடிவீட்டுக்காரர்கள் என்னைத் தாண்டித் தாண்டி ஏறிப்போனார்கள்.